சிறைக்கோட்டத்துள் ஊசியும் நோயும்

தோற்றுவாய்

சிறைப்பட்டோரைப் பற்றிய எண்ணம் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறிய வரலாற்றுக்கு மணிமேகலைக் காப்பியத்தில் தனிக் காதையே உண்டு. அங்கு மணிமேகலை, சிறைப்பட்டோர் செய்த குற்றம் யாதென ஆராய்ந்திலள். அவர்தம் பசியையே கண்டாள். குற்றத்திற்குரிய ஒறுப்பு வேறு, உடலுக்குற்ற இடர் வேறு என்னும் இவ்வேறுபாடு, இக்காலச் சிறைகளில் எழுந்துள்ள ஒரு சிக்கலை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். சிறைப்பட்டோர் போதைப்பொருளை ஊசிவழி உடலிற் செலுத்திக்கொள்ளும் வழக்கமும், அதனாற் பரவும் நோய்களுமே அச்சிக்கலாம். சுவிட்சர்லாந்து நாட்டுச் சிறைகள் இரண்டினை நடுவாக வைத்து, அதன் இயல்பையும் தீர்வையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஊசி அரிதாதல்

மதிலும் காவலும் மிக்க இடத்துள் போதைப்பொருள் எவ்வாறு நுழையும் எனச் சிலர் வினவலாம். நுழைகின்றது என்பதே பல நாடுகளின் பட்டறிவு. நெடுநாட் பழக்கமுற்றோர் பலர் அப்பழக்கத்தோடு தொடர்புடைய குற்றங்களாலேயே சிறை புகுகின்றனர். வேட்கையும் அவர்களுடனேயே உட்புகுகின்றது. பொருள் அரிதாயும் விலை மிக்கதாயும் உள்ளவிடத்து, புகைத்தலினும் ஊசிவழிச் செலுத்துதலே அவர்க்குச் சிக்கனமாகத் தோன்றும். சிறிதளவும் வீணாவதில்லை, புகையும் மணமும் எழுந்து காவலர்க்குக் காட்டிக்கொடுப்பதும் இல்லை.

ஆயின், ஊசியோ பொருளினும் அரிது. ஆதலின் ஓர் ஊசி பலர் கை மாறுகின்றது. முனை மழுங்கினால் தீட்டிக்கொள்கின்றனர். குழல் உடைந்தால் எழுதுகோற் கூடு முதலியவற்றைக்கொண்டு மற்றொன்று புனைகின்றனர். முன்னவர் குருதியின் எச்சம் குழலுள் தங்கிப் பின்னவர் குருதியிற் கலக்கின்றது. எச்.ஐ.வி. நச்சுயிரும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி நச்சுயிர்களும் இவ்வழியே பரவுகின்றன. எனவே, நோயைப் பெருக்குவது போதைப்பொருள் மட்டுமன்று. தூய ஊசியின் இன்மையும் ஆகும் என்பது பெறப்படும்.

சான்றுகள் இரண்டு காட்டுதும். ஸ்காட்லாந்தின் கிளெனோக்கில் சிறையில், 1993-ஆம் ஆண்டின் முற்பாதியில் எண்மர்க்குச் சிறைக்குள்ளேயே எச்.ஐ.வி. தொற்றியமை மருத்துவ ஆய்வால் உறுதிப்பட்டது. லிதுவேனியாவின் அலிட்டுஸ் சிறையில் 2002-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 பேர்க்கு அத்தொற்று இருத்தல் தெரியவந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்நாடு முழுவதிலும் பதிவான தொகையோடு ஒப்பிடத்தக்க அளவு இது. சிறைத்தண்டனைக்கு முடிவு உண்டு. விடுதலை பெற்றவர் மனையும் ஊரும் சேர்கின்றார். ஆதலின் சிறைநோய் என ஒன்றைத் தனியே பிரித்து வைத்தல் இயலாது.

மருத்துவர் ஒருவரின் துணிவு

சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் மாநிலத்தில் ஓபர்ஷோன்குரூன் என்னும் ஆடவர் சிறை இருந்தது. அங்கு மருத்துவராய் இருந்த ஃபிரான்ஸ் புரோப்ஸ்ட், சிறைப்பட்டோர் 70 பேருள் 15 பேர் வரை இடைவிடாது ஊசி பயன்படுத்தக் கண்டார். புண்ணுக்கு மருந்திடலாம், அப்புண்ணை விளைத்த மாசுற்ற ஊசி மாறாதவரை அம்மருந்தாற் பயன் யாது? நோய் வரும் வழியை அறிந்தும் வாளாவிருத்தல் மருத்துவ அறத்தோடு பொருந்தாது எனக் கருதிய அவர், 1992-ஆம் ஆண்டளவில், சிறைத்தலைவர்க்கு அறிவியாமலே தூய ஊசிகளை வழங்கத் தொடங்கினார். பின்னர்ச் செய்தி வெளிப்பட்டது. சிறைத்தலைவர் மருத்துவரைப் பணியினின்று நீக்கினாரல்லர். அவர் கூறிய காரணங்களைக் கேட்டு, அவ்வழங்கலுக்கு மேலிடத்தின் இசைவை நாடினார். ஒருவர்தம் மனச்சான்றின் வழியே தொடங்கியது இவ்வாறு முறையான ஏற்பாடாயிற்று.

ஹிண்டெல்பாங்க் கண்ட முடிவு

பெர்ன் மாநிலத்து ஹிண்டெல்பாங்க் மகளிர் சிறையில், 1994-ஆம் ஆண்டில் இம்முறை ஆய்வு நோக்கோடு ஓராண்டுத் திட்டமாகத் தொடங்கப்பெற்றது. சிறையின் வெவ்வேறு பகுதிகளில் தானே ஊசி வழங்கும் பொறிகள் அமைக்கப்பெற்றன. பயன்படுத்திய ஊசியை உள்ளிட்டால் மட்டுமே பொறி புதிய ஊசி தரும்; ஒன்றுக்கு ஒன்று என்பதே நெறி. நோய்த்தடுப்புப் பற்றிய அறிவுறுத்தலும் உடன் நிகழ்ந்தது.

ஆய்வின் முடிபு ஐயுற்றோர் அச்சத்திற்கு மாறாக அமைந்தது. போதைப்பழக்கம் பெருகவில்லை. ஊசியைப் பகிர்தல் பெரிதும் ஒழிந்தது. புதிய எச்.ஐ.வி. தொற்று எதுவும் காணப்படவில்லை. ஊசியைப் படைக்கலமாக ஏந்தி எவரும் எவரையும் தாக்கவில்லை.

தடைகளும் விடைகளும்

இம்முறைக்குக் கூறப்படும் தடைகள் இரண்டு. ஊசி காவலர்க்குத் தீங்காகும் என்பது ஒன்று. மறைத்து வைத்த ஊசியே காவலர்க்கு உண்மையான இடர் என்க. படுக்கையையும் ஆடையையும் துழாவும் கையில் அதுவே தைக்கும். கூட்டினுள் இட்டு, குறித்த இடத்தில் வெளிப்பட வைத்த ஊசி அங்ஙனம் தைப்பதற்கு வாய்ப்புக் குறைவு. குற்றத்திற்கு அரசே துணைபோவதாகும் என்பது மற்றொன்று. போதைப்பொருளின் மீதுள்ள தடை அவ்வாறே நிற்க, சாவை மட்டும் விலக்குதலே ஈண்டுக் கருதப்படுவது. 'தீங்கு குறைத்தல்' என இந்நெறியை வழங்கலாம். பழக்கத்தை ஒழித்தற்கு அது பகையன்று. ஒழிக்கும் நாள் வருங்காறும் உயிரை நிறுத்தி வைப்பது.

எனினும், அறிவு காட்டிய வழியை ஆட்சி என்றும் பின்பற்றுவதில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க், கீழ்ச்சாக்சனி மாநிலங்களின் சிறைகளில் 1996-ஆம் ஆண்டு தொடங்கிய ஊசித் திட்டங்கள், நற்பயன் விளைத்தும், ஆட்சி மாறிய பின் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டன. சிறைக்குள் ஊசி வழங்கும் நாடுகள் இன்றும் மிகச் சிலவே.

ஊசி ஒன்றே போதுமென்பது எம் கருத்தன்று. மெத்தடோன் போன்ற மாற்று மருந்து, வேட்கையைத் தணித்து ஊசியின் தேவையையே குறைக்க வல்லது. உலக நலவாழ்வு நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் அதனை இன்றியமையா மருந்துகளுள் ஒன்றாகச் சேர்த்தது. விடுதலைக்குப் பிந்திய முதல் இரு வாரங்களும் கருதத்தக்கன. சிறையில் பொருள் கிட்டாமையால் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே மீண்டும் செலுத்துவோர் மூச்சொடுங்கி மாய்தல் அக்காலத்தே மிகுதி.

முடிவுரை

மண்டேலா நெறிமுறைகள் என ஐக்கிய நாடுகள் அவை 2015-ஆம் ஆண்டில் ஏற்றவை, வெளியில் உள்ளார்க்குக் கிட்டும் மருத்துவத் தரமே சிறைப்பட்டார்க்கும் கிட்டவேண்டும் என வலியுறுத்துகின்றன. நடுவர் விதிப்பது குறித்த ஆண்டுகளின் ஒறுப்பு. ஈரல் நோயையோ எச்.ஐ.வி.யையோ அவர் விதித்திலர். விதியாத ஒன்றைச் சிறை தருமாயின், அது தீர்ப்பைக் கடந்த தண்டனையாகும். பசித்தார்க்குச் சோறிட்டதனால் சிறை அறக்கோட்டமாயிற்று எனக் காப்பியம் கூறும். நோய்வழியை அடைத்தலும் அவ்வறத்தின்பாற்பட்டதே என்பது எம் துணிபு.