பின்னிருக்கையில் விரியும் குடை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவகைத் தலைக்காயத்தை நாங்கள் காண்கிறோம். வண்டி எதிலும் மோதியிருக்காது. ஓட்டியவருக்குச் சிராய்ப்புகூட இராது. பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையில் பையும் மறு கையில் விரித்த குடையுமாக வந்தவர் மட்டும் பின்மண்டை தரையில் மோத விழுந்திருப்பார். அந்தப் பையில், நோயாளிக்கு எடுத்துவந்த சாப்பாட்டுத் தூக்கு இருப்பதும் உண்டு.

வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், காற்றே வீசாத நாளிலும் குடையின்மீது அதே வேகத்தில் காற்று அறைகிறது. குடை பாய்மரமாகிப் பிடித்திருப்பவரைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒருபக்கமாக அமர்ந்தவர் கால்களால் வண்டியைப் பற்றிக்கொள்ளவும் இயலாது. மல்லாந்து விழுபவரின் கைகள் தலையைக் காக்க உதவுவதில்லை. இத்தனைக்கும் குடை நனையாமலாவது காக்கிறதா? ஓடும் வண்டியில் மழை முன்னாலிருந்து அல்லவா வருகிறது!

ஆகவே குடையை மடக்கிப் பையில் வையுங்கள். கால்சட்டையுடன் கூடிய மழைச்சட்டை நல்லது. தொளதொளவென்று தொங்கும் அங்கியின் முனையும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கக்கூடும். தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். மழை பெய்யத் தொடங்கிய சில நிமிடங்கள், தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீரில் குழைந்து சாலை மிகவும் வழுக்கும். அப்போது கடையோரம் ஒதுங்கி நிற்பதே மேல். இடி மின்னல் இருந்தால் மரத்தடி வேண்டாம். வெள்ளைக் கோடுகளின் மீதும் சாக்கடை மூடிகளின் மீதும் திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள்.

வீடு திரும்பும் நோயாளியை மழையில் இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்வதை நாங்கள் ஏற்பதில்லை. ஆட்டோ கிடைக்கும்வரை வார்டிலேயே காத்திருக்கலாம். எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தார், பேசினார் என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டக்கூடும். அடுத்த 24 மணி நேரம் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவரோ, எந்த அறிகுறிக்காகவும் காத்திராமல், மாத்திரை அட்டையுடன் உடனே வர வேண்டும்.