சுவரும் சட்டகமும்

சென்னையின் தென்விளிம்பில் இரண்டு இடங்களைப் படமெடுத்து வருகிறேன். ஒன்று, ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம்: 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் சக ஓவியர்களும் பத்திக் முதலான கைவினைகளை விற்ற காசில் நிலம் வாங்கி உண்டாக்கிய கிராமம். மற்றது கண்ணகி நகர்: நகரின் உள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளை 2000 முதல் அன்றைய குடிசை மாற்று வாரியம் கொண்டுபோய்க் குடியமர்த்திய அடுக்குக் கட்டிடங்கள். 2020இல் ஏசியன் பெயின்ட்ஸ் ஆதரவோடு ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை அங்கே பெரும் சுவரோவியங்களைத் தீட்டச் செய்தது. முன்னது ஓவியர்கள் தேடிப் போன இடம். பின்னது வாழ்கிறவர்கள் தேர்ந்தெடுக்காத இடம்.

ஓவியத்தை மட்டும் சட்டகம் நிறைய எடுத்தால் சுவர் காணாமல் போகிறது. கட்டிடத்தின் வரலாறும் கூடவே போகிறது. நாலடி பின்னால் நகர்ந்தால் ஜன்னல், தண்ணிக் குடம், காயும் துணி எல்லாம் உள்ளே வரும். 'கொடியை எடுத்துட்டா படம் நல்லா இருக்குமே' என்பார்கள். யாருக்கு நல்லா இருக்கும்? அந்தத் துணிதான் அங்கே ஆள் வாழ்வதன் சாட்சி.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட விலக்கு அளிக்கிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே ஓவியப் படத்தை அச்சிடப் பதிப்புரிமை உடையவரின் அனுமதி வேணும். சுவருக்குப் பின்னால் குடியிருப்பவரைக் கேட்கும்படி அந்தச் சட்டம் சொல்வதில்லை. அதை நாமாகத்தான் கேட்க வேண்டும். படக்குறிப்பில் 2020ஐ மட்டும் போடாமல் 2000ஐயும் சேர்த்து எழுத வேண்டும்.