செரிமானம் தொடங்கும் இடம்

குழம்போ பொரியலோ சேர்க்காமல் வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பாருங்கள். சற்று நேரத்தில் நாவில் மெல்லிய இனிப்பு தோன்றும். சோற்றில் நாம் சர்க்கரை சேர்க்கவில்லை. அந்த இனிப்பை உண்டாக்கியது நம் உமிழ்நீர்.

செரிமானம் என்றவுடன் இரைப்பையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அப்பணி வாயிலேயே தொடங்கிவிடுகிறது. காதுகளுக்கு முன்புறம், கீழ்த்தாடைக்கு அடியில், நாவுக்கு அடியில் என மூன்று இணைப் பெரிய சுரப்பிகள் உள்ளன. இவற்றுடன் உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றில் அமைந்த நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. தாளிக்கும் மணம் வந்தாலே, புளியங்காயை நினைத்தாலே வாய் ஊறுவது, உணவு வரும் முன்பே மூளை இச்சுரப்பிகளை ஆயத்தப்படுத்துவதால்தான்.

உமிழ்நீரில் சுமார் 99 விழுக்காடு தண்ணீர். அது உணவைக் கரைத்தால்தான் சுவை அரும்புகள் சுவையை உணரும். எஞ்சிய சிறு பங்கில் இரண்டு பொருள்கள் செரிமானத்திற்கு முக்கியமானவை. அமைலேஸ் என்னும் நொதி, சோறு, சப்பாத்தி போன்றவற்றிலுள்ள மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. நாம் உணர்ந்த இனிப்பு அதுவே. மியூசின் என்னும் வழவழப்பான பொருள், மென்ற துகள்களை ஒன்றுசேர்த்து, உணவுக்குழாயில் எளிதாக வழுக்கிச் செல்லும் கவளமாக்குகிறது. விழுங்கிய பின்னரும், இரைப்பை அமிலம் கவளத்தின் உட்புறத்தை எட்டும் வரை அமைலேஸ் தன் பணியைத் தொடர்கிறது.

அவசரமாக உண்ணும்போது இப்பணி குறைகிறது. விடுபட்ட மாவுச்சத்தைக் கணையத்தின் நொதி பின்னர் செரித்துவிடும். எனினும் பெரிய துண்டுகளைக் கூழாக்க இரைப்பை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இடையிடையே தண்ணீர் குடிப்பது விழுங்க உதவலாம். பற்களின் வேலையை அது செய்யாது.

உமிழ்நீர் குறைந்தால் அதன் அருமை புரியும். சில ஒவ்வாமை மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள், இரத்த அழுத்த மருந்துகள் வாயை உலரச் செய்யக்கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் ஒரு காரணம். வீட்டிலுள்ள முதியவர் பாதி உணவோடு தட்டை ஒதுக்கினால், பசியில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். வாய் உலர்ந்து சுவை தெரியாமலும் விழுங்க இயலாமலும் அவர் தவிக்கலாம். அவரிடம் கேட்டறிய வேண்டும். மருந்தை நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அதுவரை ரசமோ மோரோ விட்டுக் குழைவாகப் பிசைந்த சோறும், அவ்வப்போது சிறிது சிறிதாகப் பருகும் தண்ணீரும் உதவும். உமிழ்நீர் குறைந்தால் பற்சொத்தையும் எளிதில் வரும் என்பதால் பல் மருத்துவரின் ஆலோசனையும் தேவை.

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்றனர் நம் முன்னோர். நூறு வயதுக்கு எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் விழுங்கிய பின் நடக்கும் செரிமானம் நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டதன்று. மெல்லுவது மட்டுமே நம் கையில் உள்ளது. அடுத்த வேளை உணவின்போது அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குவோம்.