தாத்தாவின் சாகாவுக்கு எவ்வளவு அழுத்தம் போதும்?

கடந்த பருவ விடுமுறையில் ஒரு நண்பகல். வீட்டு முன்வாசலில் நின்ற தாத்தாவின் புரோட்டோன் சாகாவின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழியத் தொடங்கியது. கீழே இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது, பெட்ரோல் நிற்கவில்லை. அன்று காலைதான் நான் பொருத்திய மின்சார பம்ப், பேட்டரியிலிருந்து நேராக இழுத்த கம்பியில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தச் சுவிட்ச அடைய்யா மொதல்ல!” என்று தாத்தா கத்தினார். டாஷ்போர்டுக்குக் கீழே நானே தொங்கவிட்டிருந்த சுவிட்சை அணைத்தேன். காரை இருவருமாக நிழலுக்குத் தள்ளி, பெட்ரோல் முழுவதும் காயும்வரை காத்திருந்தோம். தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்.பி.எம். இயற்பியலிலும் நல்ல தேர்ச்சிதான். அப்படியிருந்தும் எங்கே தவறினேன் என்பதை எழுதினால், வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஏன் மாற்ற நினைத்தோம்?

முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் தாத்தா தமது 1.3 லிட்டர் சாகாவை 1988இல் வாங்கினார். மாதந்தோறும் பாட்டியைக் கிளினிக்கிற்கு அழைத்துப் போவது இன்றும் அந்தக் காரில்தான். அண்மைக் காலமாக அதற்கு ஒரு கோளாறு. காலையில் நன்றாக ஓடும். வெயில் நேரத்து நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

இதற்குப் பெயர் ஆவி அடைப்பு. சாகாவின் அசல் பம்ப் இயந்திர வகையைச் சேர்ந்தது. இன்ஜினோடு ஒட்டியிருக்கும், கேம்ஷாஃப்ட் அதன் கையை அசைக்க, உள்ளே உள்ள சவ்வு மேலும் கீழும் போய், காரின் பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பது நாம் படித்ததுதான். பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கக்கூடியவை. இன்ஜின் சூடும் சேர்ந்தால் குழாயில் குமிழிகள் உருவாகும். திரவத்தைத் தள்ளும் பம்ப், ஆவியைத் தள்ளத் திணறும்.

மின்சார பம்ப்பைத் தொட்டிக்கு அருகில் வைத்தால் நிலைமை மாறும். அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்காமல், பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளும். குழாயில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடும். இதுவரை என் சிந்தனை சரிதான்.

பெரியது நல்லது என்ற தவறு

கடையில் இரண்டு பம்ப்புகள் இருந்தன. ஒன்று சிறிய பெட்டி வடிவம். மற்றொன்று நீண்ட உருளை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறையில் இயங்கும் கார்களுக்கானது. “பெருசா எடுத்துக்க தம்பி, பிரச்சனையே வராது” என்றார் விற்றவர். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அழுத்தம் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை.

கார்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் பெட்ரோல் நிறைய நிறைய, ஒரு மிதவை மேலே எழும்பி, ஓர் ஊசி வால்வை அழுத்தி வழியை அடைக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்கிற அதே வேலை. அந்த ஊசி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விசை = அழுத்தம் × பரப்பளவு. வால்வுத் துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பரப்பளவு 3.14 சதுர மில்லிமீட்டர். பழைய கார்புரேட்டர் ஒன்றுக்கு ஏற்ற அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல், அதாவது 3 பிஎஸ்ஐ. அப்போது ஊசியின்மீது விழும் விசை 0.063 நியூட்டன், ஏறக்குறைய 6 கிராம் எடை. இன்ஜெக்‌ஷன் பம்ப் தரக்கூடிய அழுத்தமோ 300 கிலோபாஸ்கல் அளவு, சுமார் 43 பிஎஸ்ஐ. கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிட அதிகம்! இப்போது விசை 0.94 நியூட்டன்; ஏறக்குறைய 96 கிராம். ஆறு கிராமைத் தடுக்கப் படைக்கப்பட்ட மிதவை, அதைப்போல 15 மடங்கை எப்படித் தடுக்கும்? ஊசி திறந்தது, கிண்ணம் நிரம்பி வழிந்தது.

இந்தக் கணக்குக்கு வேண்டியதெல்லாம் படிவம் 5 இயற்பியலின் ‘அழுத்தம்’ பாடத்திலேயே இருக்கிறது. மிதவைக்கு ஆர்க்கிமிடிஸ், கார்புரேட்டரின் குறுகிய கழுத்துக்குப் பெர்னௌலி. தேர்வுக்கு எழுதினேன், கடைக்குப் போகும்போது மறந்துவிட்டேன்.

எந்த அளவைப் பார்த்து வாங்குவது?

பம்ப்பின்மீது இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது அழுத்தம். உங்கள் கார்புரேட்டர் எவ்வளவு கேட்கிறது என்பதைக் காரின் பழுதுபார்ப்பு நூலில் பாருங்கள். பல பழைய கார்களுக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ வரை போதும். அதற்கு மேல் தரும் பம்ப் என்றால் அழுத்தச் சீராக்கி ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே குறைந்த அழுத்தப் பம்ப்பை வாங்குவது எளிது.

இரண்டாவது, ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் தரும் என்பது. 70 குதிரைத்திறன் என்பது சுமார் 52 கிலோவாட். ஒரு கிலோவாட் ஆற்றலை ஒரு மணி நேரம் தர, ஏறக்குறைய 300 கிராம் பெட்ரோல் வேண்டும் என்று கொண்டால், முழு வேகத்தில்கூட மணிக்கு 21 லிட்டர்தான் செலவாகும். கடையில் நான் ஒதுக்கிய அந்தச் சிறிய பெட்டி பம்ப் வகை மணிக்கு 80, 90 லிட்டர் தரக்கூடியது. தேவையைப்போல நான்கு மடங்கு!

பேட்டரியையும் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். மின்னணுச் சுற்றுள்ள பம்ப்பை அதில் மாற்றி இணைத்தால் கெட்டுவிடும். கார்புரேட்டர் காருக்கு மின்சார பம்ப் என்பதே புதுமையும் அன்று. நம் நாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் நிறைய ஓடிய மோரிஸ் மைனரில், தொழிற்சாலையிலேயே எஸ்.யூ. மின்சார பம்ப் பொருத்தப்பட்டிருந்தது.

வாங்குவதற்கு முன்

உண்மையிலேயே பம்ப் மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் அணைந்ததும் தொட்டி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படுகிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். வடிகட்டி அழுக்கேறியிருக்கிறதா? ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா? இன்ஜின் எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தால், இயந்திரப் பம்ப்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதோடு காரை ஓட்டவே கூடாது. எங்கள் காரில் ஒரு குழாய் வெடித்திருந்தது. மாற்றினோம். அதற்குப் பிறகும் வெயிலில் நின்றதால்தான் மின்சார பம்ப் என்று முடிவு செய்தோம்.

பாதுகாப்புக்கு ஏழு வெள்ளியா, எழுபதா?

இயந்திரப் பம்ப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். மின்சார பம்ப்புக்கு அந்த அறிவு கிடையாது. நாம்தான் கொடுக்க வேண்டும். விபத்தில் குழாய் அறுந்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தால்கூட, சாவி திறந்திருக்கும்வரை அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மின்சாரத்தை ஃபியூஸ், ரிலே வழியாகக் கொண்டுபோய், எண்ணெய் அழுத்தச் சுவிட்ச் ஒன்றோடு இணைக்க வேண்டும். இன்ஜின் நின்று எண்ணெய் அழுத்தம் இறங்கியதும் பம்ப்பும் நிற்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் கம்பியிலிருந்து மின்சாரம் தரலாம். மோதலில் ஏற்படும் அதிர்வால் தானே துண்டிக்கும் சுவிட்சும் கிடைக்கிறது. இவற்றின் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். நான் தயங்கியதன் விளைவை முதல் பத்தியிலேயே படித்துவிட்டீர்கள்.

பம்ப்பைத் தொட்டிக்கு அருகில், தாழ்வாக, புகைக்குழாயிலிருந்து விலக்கி, ரப்பர் தாங்கியில் பொருத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி வையுங்கள். பெட்ரோலுக்கென்றே செய்த குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய் உங்கள் காரில் இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். பழைய பம்ப்பைக் கழற்றிய இடத்தைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூட வேண்டும். வேலை தெரிந்த போர்மேன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் கூடவே இருந்தார். அழுத்தமானி 3 பிஎஸ்ஐ காட்டியது. பிறகு சாவியைத் திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, நான்காவது கியரில் கிளட்ச்சை விட்டு, இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்தினேன். தாத்தா காரின் பின்புறம் குனிந்து காது கொடுத்தார். டிக் டிக் என்ற சத்தம் இரண்டொரு நொடியில் அடங்கியது.

“ஆங், நின்னுருச்சு. இனிமே பாட்டிய ஏத்தலாம்” என்றார்.

அடுத்த வாரம் நண்பகலில்தான் கிளினிக்கிற்குப் போனோம். சாலை விளக்கில் நீண்ட நேரம் நின்றும் கார் அணையவில்லை. கடையில் ஒதுக்கிய அந்தச் சிறிய பம்ப்தான் இப்போது அதில் ஓடுகிறது. நீங்களும் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என் காருக்கு எத்தனை பிஎஸ்ஐ, மணிக்கு எத்தனை லிட்டர், இன்ஜின் நின்றால் பம்ப்பை எது நிறுத்தும்? மூன்றுக்கும் விடை எழுதிய பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.