தங்கவயலுக்குப் பயிற்சிப் பணம் வந்து சேருமா?

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கோழி கூவும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாப்பாட்டுத் தூக்கும் கையுமாக நிற்கும் இவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். காவலாளிகள், கட்டட வேலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், துப்புரவுத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே.

இவர்களில் பலருடைய பாட்டனார்கள் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து, மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்தவர்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் கால் வைத்த கோலார் தங்கவயலில் கடைசிச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. ஒரு காலத்தில் 30 ஆயிரம் பேருக்கு மேல் சோறு போட்ட சுரங்கங்களில் அன்று மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 3,500 பேர். கையில் ஒரு தொகையோடு வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு பிழைப்புக்கு வழி ரயிலடிதான் என்றாகிவிட்டது.

மலையாக நிற்கும் வேலை

ஊரில் வேலையே இல்லையா? இருக்கிறது. மலை மலையாக நிற்கிறது.

பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய பாறைப் பொடியைத்தான் ஊரார் 'சயனைடு மலை' என்கிறார்கள். மொத்தம் 13 மேடுகள். எடை மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். பலத்த காற்று அடித்தால் தூசி கிளம்பி லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வருகிறது. இதை அடக்கப் புல்லும் மரமும் வளர்க்க வேண்டும். மழையில் பொடி அரித்துப் போகாமல் கால்வாயும் தடுப்புச் சுவரும் கட்ட வேண்டும். செடிக்கான சத்து இல்லாத பொடி அது. எரு வேண்டும், தண்ணீர் வேண்டும், பல ஆண்டு பராமரிப்பு வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்க மேடுகளில் 1960-களிலிருந்தே புல் வளர்க்கிறார்கள். ஆகாத காரியம் அல்ல.

சுற்றுச்சூழலைக் காக்கும் இத்தகைய வேலைகளுக்குப் 'பசுமைத் தொழில்' என்று பெயர். இதற்குப் பயிற்சி கொடுக்க மத்திய அரசு பணம் ஒதுக்காமலும் இல்லை. 2015-ல் 'சூர்யமித்ரா' திட்டம் வந்தது. சூரிய மின்சாரக் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் 600 மணி நேரப் பயிற்சி. 2017-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் பசுமைத் திறன் பயிற்சியைத் தொடங்கியது. கழிவு மேலாண்மை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முதலியவை அதில் உண்டு.

ஆனால் சூர்யமித்ராவில் சேரப் பத்தாவது தேறி, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா முடித்திருக்க வேண்டும். தங்கிப் படிக்க வேண்டும், மூன்று மாதம். பயிற்சிக்கு வருபவருக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. சரி, அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? தினக்கூலியை விட்டுவிட்டுப் படிக்க வருபவருக்கு உதவித் தொகை இல்லாத இலவசம், பாதி இலவசம்தான்.

பழைய சுரங்கத் தொழிலாளர்களின் சங்கதி வேறு. பம்பு ஓட்டுவதும், முட்டுக் கொடுப்பதும், கேபிள் இழுப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. மூடிய அன்று 25 வயதாக இருந்தவர் இன்று ஐம்பதை எட்டிவிட்டார். ஏட்டுப் படிப்பு இல்லாவிட்டாலும் கைத்திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு 2016 முதல் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சோதனையைத் தங்கவயலிலேயே நடத்தினால் என்ன? பெங்களூருக்கு வா என்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

பிந்தி வந்த சட்டம்

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்றே ஒரு நிதி உண்டு. 2015-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி அமைந்த மாவட்ட கனிம நிதி அது. சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குச் செலுத்தும் ராயல்டியோடு, அதில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை இதற்கும் கட்ட வேண்டும். திறன் பயிற்சியும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் இந்த நிதியின் முக்கியச் செலவினங்கள். தங்கவயலுக்கென்றே எழுதியது போல் இருக்கிறது! ஆனால் பணம் வருவது நடப்பில் உள்ள குத்தகைகளிலிருந்து. எண்ணூறு டன் தங்கத்தைக் கொடுத்துவிட்டு, சட்டம் வர 14 ஆண்டு முன்பே மூடிக்கொண்ட சுரங்கம் இதில் ஒரு பைசாவும் கட்டவில்லை.

ஸ்பெயினில் நடந்தது வேறு. 2018-ல் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுமுன் அரசும் சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுரங்கப் பகுதிகளுக்கு 25 கோடி யூரோ. வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம். இளையவர்களுக்குப் பசுமைத் தொழில் பயிற்சி. சுரங்கம் கெடுத்த நிலத்தைச் சீராக்கும் வேலையும் அவர்களுக்கே என்று பேச்சு.

தங்கவயலில் அந்த வாய்ப்பு முற்றிலும் போய்விடவில்லை. பொடியில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக 13 மேடுகளையும் ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் தந்தது. பரப்பு ஆயிரம் ஏக்கருக்கு மேல். எடுப்பவர் ராயல்டி கட்டினால் கனிம நிதிக்கும் பணம் வரும். மேடுகள் கைமாறும்போது, அந்தப் பணத்தில் உள்ளூரிலேயே உதவித் தொகையுடன் பயிற்சி, மேடு சீராக்கும் வேலையில் ஊராருக்கு முதல் உரிமை என்ற இரண்டையும் நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டுப் பயனில்லை.