பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கும் அடுப்பு

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. பாத்திரம் வைத்தால் மட்டும் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் கொடுத்துவிட்டு, பிழை எண்ணைக் காட்டி அணைந்துவிடுகிறதாம். சர்வீஸ் கடையில், “போர்டு போயிடுச்சும்மா, அதை மாத்துற காசுக்குப் புது அடுப்பே வாங்கிடலாம்” என்றார்களாம். வாங்கிவிடட்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். அந்த ‘டிக்’ கேட்கிறது என்றால் போர்டின் பெரும்பகுதி நலமாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம், போர்டில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாகிறது. ஐஜிபிடி என்ற ஸ்விட்ச் அதை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் காயிலுக்குள் விட்டு விட்டு நிறுத்துகிறது. காயிலோடு சேர்ந்து ஊசலாட ஒரு கெப்பாசிட்டர் உண்டு, பெரும்பாலும் 0.3 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். இந்த ஊசலாட்டத்தில் மின்னழுத்தம் 1,000 வோல்ட்டைத் தொடும். அதனால்தான் 1,200 வோல்ட் தாங்கும் ஐஜிபிடியைப் போடுகிறார்கள்.

மேலே பாத்திரம் இருக்கிறதா இல்லையா என்று அடுப்புக்கு எப்படித் தெரிகிறது? இந்த இயந்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். எடையை அறியும் கருவி எதுவும் உள்ளே கிடையாது. ஐஜிபிடி ஒரே ஒரு சின்னத் துடிப்பைக் காயிலுக்குள் விட்டு நிறுத்திக்கொள்ளும். உடனே காயிலும் கெப்பாசிட்டரும் தாமாகவே ஊசலாடத் தொடங்கும். எங்கள் வீட்டுப் பூஜை மணியை அடித்து, அதன் மேல் கை வைத்தால் நாதம் சட்டென்று அடங்கிவிடும். வைக்காவிட்டால் நீண்டு ஒலிக்கும். இங்கே கைக்குப் பதில் இரும்புப் பாத்திரம். பாத்திரம் இருந்தால் அது ஆற்றலை உறிஞ்சி, நாலைந்து ஆட்டத்தில் அடக்கிவிடும். இல்லையென்றால் ஆட்டம் நீளும். போர்டிலுள்ள சில்லு அந்த ஆட்டங்களை எண்ணிப் பார்க்கிறது. குறைவாக இருந்தால் சமையல் தொடங்கும். அதிகமென்றால் மறுபடி தட்டிப் பார்க்கும்; வாசகி கேட்கும் ‘டிக்’ இந்தத் தட்டல்தான். அலுமினியப் பாத்திரத்தை அடுப்பு ஏற்காததற்கும் இதுவே காரணம். அலுமினியம் அந்த ஆட்டத்தைப் போதிய அளவு அடக்குவதில்லை.

ஆயிரம் வோல்ட் ஆட்டத்தை 5 வோல்ட்டில் வேலை செய்யும் சில்லு நேரடியாகத் தொட முடியாது. நடுவில் சில ரெசிஸ்டர்கள் நின்று மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருகின்றன. ஒவ்வொன்றும் சில நூறு கிலோ ஓம் இருக்கும். வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி, அவற்றில் ஒன்று மதிப்பு ஏறிவிடும், அல்லது உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே கருகலோ வெடிப்போ தெரியாது. ஆட்டங்கள் சில்லுக்குச் சரியாகப் போய்ச் சேராததால், பாத்திரம் இருந்தும் இல்லை என்று அது முடிவு செய்கிறது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்களில் மின்சாரம் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, இந்த ரெசிஸ்டர்களில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். ரெசிஸ்டரின் மேல் ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள் வளையம் என்றால் 330 கிலோ ஓம். போர்டில் இருக்கும் நிலையில் அளவு குறைவாகக் காட்டலாம். பக்கத்துப் பாதைகளால் அப்படி ஆகும். வளையம் சொல்வதைவிட வெகுவாகக் கூடுதலாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் கெட்டுவிட்டது. ரெசிஸ்டர்கள் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் 0.3 கெப்பாசிட்டரின் மேல்.

ஃபியூஸ் போன அடுப்பு வேறு கதை. அங்கே பெரும்பாலும் ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால், அதுவும் அந்த நொடியே போகும். அனுபவமுள்ள மெக்கானிக் ஐஜிபிடியை மாற்றினாலும் உடனே நேராக இணைக்க மாட்டார். அதை இயக்கும் 18 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்து, 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் சோதிப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் ஷார்ட் இன்னும் தீரவில்லை. இதை வீட்டில் முயல வேண்டாம். போர்டின் எல்லாப் பகுதியும் வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருப்பது. தொட்டால் உயிருக்கு ஆபத்து.

நம் பங்குக்கு நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை வேறு. அடுப்புக்கு அடியில் செய்தித்தாள் விரிக்கிறோம். ஃபேன் அதை இழுத்துக் காற்று வாயை அடைத்துக்கொள்கிறது. சமையல் முடிந்ததும் சுவரிலுள்ள ஸ்விட்சைத் தட்டிவிடுகிறோம். சூடு தணிய ஓடிக்கொண்டிருந்த ஃபேன் பாதியில் நிற்கிறது. பொங்கி வழிந்த பாலைத் துடைக்காமல் விட்டால், கரப்பான்பூச்சி குடியேற வேறு அழைப்பு தேவையில்லை. அதன் எச்சம் ஈரத்தோடு சேர்ந்து போர்டில் மின்சாரத்துக்குப் புதுவழி போட்டுவிடும். இப்படிப் பழுதாகும் அடுப்புகளைத்தான் ‘மட்டமான சரக்கு’ என்கிறோம்.

மின்கழிவு மேலாண்மைக்கு 2022-ல் புது விதிகள் வந்துவிட்டன. ஆனால் அளந்து பார்க்காமல் ‘போர்டு போச்சு’ என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் போகாதவரை குப்பை குறையாது. காயிலில் செம்பு, கம்பிச் சுற்றுகளுக்கு அடியில் ஃபெரைட், நன்றாக ஓடும் ஃபேன், விரிசலில்லாத கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரு சின்ன ரெசிஸ்டருக்காகத் தூக்கி எறிவது பொறுப்பான செயல் அல்ல. அம்மா, அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: “எந்தப் பாகம் போயிருக்கு, மீட்டர்ல எவ்வளவு காட்டுது?” பதில் சொல்ல முடிந்த மெக்கானிக்கிடம் அடுப்பைக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்; அந்தக் கூலி கிடைத்தால்தான் அளந்து பார்க்கும் தொழில் நம் ஊரில் தங்கும்.