நீல ஒளிக்குக் காலம் வேண்டும்

சூரத் ஆலையில் வளர்ந்த வைரத்தையும் சுரங்கத்தில் எடுத்த வைரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் கார்பன்தான். கடைகளில் வைத்துத் தொட்டுப் பார்க்கும் பேனா போன்ற சோதனைக் கருவியும் இரண்டையும் வைரம் என்றே சொல்லும். அது பொய்யும் இல்லை. இருட்டில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால்தான் பிறப்பு வெளிப்படத் தொடங்குகிறது.

இயற்கை வைரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அந்த விளக்கில் ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. காரணம் நைட்ரஜன். படிகத்தில் ஓர் இடம் காலியாகி, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்துவிட்டால் அந்தக் கூட்டணி புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல ஒளியை விடும். ஆனால் வளரும் படிகத்துக்குள் நைட்ரஜன் தனித்தனி அணுவாகவே நுழைகிறது. பூமியின் ஆழத்து வெப்பத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகள் அணு அணுவாக நகர்ந்துதான் அவை கூடுகின்றன. சில வாரங்களில் கல்லை வெளியே எடுக்கும் ஆலையில் எல்லாம் உண்டு, அந்தக் காலம் மட்டும் கிடையாது.

மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களிலிருந்து கார்பனை அடுக்கடுக்காகப் படியவைப்பது சிவிடி முறை. அதில் நைட்ரஜன் இருந்தால் ஒற்றை அணுவாக, காலியிடத்தின் பக்கத்தில் நிற்கும், ஒளி ஆரஞ்சு. கல்லில் படிந்த பழுப்பு நிறத்தைப் போக்க அதை மறுபடி சூடேற்றியிருந்தால் பச்சையும் வரும். உயர் அழுத்தத்தில் வளர்க்கும் கற்களில் பெரும்பாலும் போரான் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் குறைந்த அலைநீளப் புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் சில நொடிகள் நீலம் மறையாமல் நிற்கும். இது ஆலைக் கல்லுக்கு மட்டுமே உரிய குணமல்ல. இயற்கையான நீல ஹோப் வைரம் விளக்கை அணைத்ததும் சிவப்பாகக் கனலும்.

நிறத்தைவிட உறுதியான சாட்சி கோலம். டி பியர்ஸ் உருவாக்கிய டைமண்ட்வியூ கருவி, ஆழ்ந்த புற ஊதா ஒளியில் கல் வளர்ந்த விதத்தையே படம் பிடிக்கிறது. இயற்கை வைரத்தில் மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற வரிகள், உயர் அழுத்தக் கல்லில் சிலுவை வடிவம், சிவிடியில் நெருக்கமான கோடுகள்.

இதைப் படித்துவிட்டு கையடக்கப் புற ஊதா விளக்கோடு நகைக்கடைக்குப் போக வேண்டாம். இயற்கை வைரங்களில் பெரும்பகுதி ஒளிர்வதே இல்லை. ஆலை வைரங்களிலும் பல சாதாரண விளக்குக்கு அசைந்து கொடுப்பதில்லை. ஒளிராததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கல்லின் பிறப்பை அறிய ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் கேளுங்கள்.